குறட்டின் கைப்பிடி

சென்ற முறை இப்பகுதியிலே பாக்குவெட்டியைப் பற்றி எழுதியதன் பின்னர், வாசக நேயர்கள் சிலர் தத்தம் இல்லங்களிற் கிடக்கும் பழம்பொருள்கள் குறித்து வினவியிருந்தனர். உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் கேட்ட வினா எளியது: "எங்கள் வீட்டில் ஒரு பழைய குறடு உண்டு. அதிலே ஆண்டு எதுவும் பொறிக்கப்படவில்லை. அஃது எக்காலத்தது என்று அறிய வழியுண்டா?" வழியுண்டு, கைப்பிடியைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் விடையெழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். எழுதுமுன் எங்கள் வீட்டுக் குறட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வோமே என்று அதனைக் கையில் எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாமோ என்று பின்னர் ஓர் இரவு முழுவதும் நினைக்கும்படியாயிற்று.

குறடு என்னும் சொல்லுக்கு அகராதிகள் பல பொருள் கூறும். துறவிகள் அணியும் மரப் பாதுகையும் குறடுதான், திண்ணையும் குறடுதான். நாம் பேசப் புகுந்தது கம்பியைப் பிடிக்கவும் முறுக்கவும் நறுக்கவும் உதவும் இரும்புக் குறட்டைப் பற்றி.

எங்கள் குறட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. என் தாயாரின் தந்தையார் மலாயாவிலே புகையிரதப் பகுதியிற் கடமையாற்றியவர். 1885ஆம் ஆண்டிலே தைப்பிங் நகருக்கும் போட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையில் அந்நாட்டின் முதலாவது இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு, யாழ்ப்பாணத்தவர் பலர் அங்கு சென்று உழைத்தமை இங்குள்ள குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பேரனார் இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் ஊர் திரும்பினார், 1953இற் காலமானார். தாயாருக்கு அப்பொழுது பத்து வயது. பேரனாருடைய நிழற்படங்களும் கடிதங்களும் பெட்டகத்தோடு போய்விட்டன. "மலாயாவிலிருந்து ஐயா கொண்டுவந்ததில் மிஞ்சினது இந்தக் குறடு ஒன்றுதான்" என்று தாயார் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். என் நினைவிலுள்ள குறட்டின் கைப்பிடிகளில் எப்பொழுதும் துவிச்சக்கர வண்டியின் பழைய டியூப் வரிந்து சுற்றப்பட்டிருக்கும். அது தந்தையாரின் கைவேலை.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று, பற்றரிகளும் தடைசெய்யப்பட்டன. அக்காலத்திலே துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். சுழற்றுவது சிறுவனாகிய என் வேலை. கம்பியின் உறையை உரித்து, முனைகளை முறுக்கி இணைப்பது தந்தையாரின் வேலை. சுழற்சி தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அப்பொழுதெல்லாம் தந்தையார் அக்குறட்டால் நிலத்திலே ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம்.

குறட்டின் வாய் கம்பிக்காக அமைந்தது. கைப்பிடி கைக்காக அமைந்தது. கம்பியோ நூறாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. ஆதலால் வாயும் மாறவில்லை. நுனியிலே தட்டையான பற்கள், நடுவே குழாயைப் பற்றும் வளைவு, மூட்டின் அருகே நறுக்கும் விளிம்பு என்று, நம் பேரனார் காலத்துக் குறடும் இன்று கடையிலே தொங்குங் குறடும் வாயளவில் உடன்பிறந்தவை போலவே இருக்கும். கைப்பிடியின் செய்தி வேறு. எந்தப் பொருள் மலிவாகக் கிடைத்தது, எந்தப் பொறியால் அடித்தார்கள், வாங்குவோர் எதனை விரும்பினர் என்பவெல்லாம் அங்கேதான் பதிந்திருக்கும்.

பௌதிகம் கற்பிப்பவனின் பழக்கம் விடுவதில்லை. ஒரு சிறு கணக்குச் சொல்லிவிடுகிறேன். குறடு என்பது இரண்டு நெம்புகள் ஓராணியிற் கோக்கப்பட்ட கருவி. ஆணியிலிருந்து கை பிடிக்குமிடம் 12 சென்ரிமீற்றர், நறுக்கும் விளிம்பு ஒன்றரைச் சென்ரிமீற்றர் என்று கொள்வோம். கையின் விசை எட்டு மடங்காகிக் கம்பியிற் சேரும். கொடுக்கும் விசைக்கு ஒத்த எதிர்விசையைக் கையும் தாங்க வேண்டும் அன்றோ? வியர்த்த கை வழுக்கினால் எட்டு மடங்கும் வீண். ஆகவேதான் குறடு செய்வோர் அனைவரும் கைப்பிடியை வழுக்காமல் ஆக்குவதிலே மூளையைச் செலவிட்டனர். அவர்கள் மூளையைச் செலவிட்ட வகைகளே நமக்குக் காலக்குறிப்புக்கள்.

மிகப் பழைய பிடி வெறும் இரும்பு. நம்மூர்க் கொல்லுலையிற் கிடக்கும் சாவணத்தைப் பாருங்கள். நீண்ட இரு கால்கள், வேலைப்பாடு எதுவுமில்லை. அதன் வயதைக் கொல்லரைத்தான் கேட்க வேண்டும். பிடியிலே குறுக்குமறுக்காகக் கோடுகள் இருக்குமாயின் அவற்றைக் கூர்ந்து பாருங்கள். கோடுகளின் இடைவெளி ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டு, ஓரங்களிலே கோணலாக ஓடினால், அரத்தைக் கையிற் பிடித்து ஒருவர் வெட்டிய கோடுகள் அவை. கட்டங்கள் யாவும் ஒரே அளவினவாய், இரு பிடிகளிலும் ஒன்றுபோல் அமைந்திருந்தால், அச்சிலிட்டுப் பொறியால் அடிக்கப்பட்டது. பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பொருள்.

இந்த அச்சுக் கோலங்களிலே தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபாடு உண்டு. பெயர் தேய்ந்து மறைந்த பின்னும் கோலத்தைக் கண்டு ஊரைச் சொல்லிவிடும் வல்லுநர் அமெரிக்காவில் இருக்கின்றனர். அவற்றுள் எனக்குப் பிடித்தது ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்து நியூபோட் என்னும் சிற்றூரிலே, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 'வாக்கியூம் கிறிப்' என்ற பெயரோடு ஒரு குறடு செய்தார்கள். அதன் பிடிகளிலே கோடுகளுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு வட்டக் குழிகள் வரிசையாக இருக்கும். கணவாயின் கைகளிலுள்ள உறிஞ்சிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இறுகப் பிடித்தால் குழிகள் தோலை உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும் என்பது செய்தவர்களின் கருத்து. பிடி உறிஞ்சியதோ இல்லையோ, பெயர் வாங்குவோரை உறிஞ்சியிருக்கும். பிற்காலத்திலே சினப்-ஒன் என்ற பெரிய நிறுவனம் அந்தப் பெயரைத் தன்னதாக்கிக்கொண்டது.

பிடியின் மேற்பூச்சும் பேசும். வெள்ளைப் பளபளப்பு நிக்கல் அல்லது குரோமிய முலாமாகும். போர்க்காலத்திலே அவ்வுலோகங்கள் படைக்கலங்களுக்குத் தேவைப்பட்டமையால், 1942 முதல் 1945 வரை அமெரிக்கக் கருவிகள் பல முலாமின்றிக் கருநிறமாகவே வெளிவந்தன. பிரித்தானிய அரசின் உடைமையாக இருந்தவற்றிலே மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி இருக்கும். கோழிக்கால் பதிந்தாற்போலத் தோன்றும். அருகிலே ஆண்டும் பொறித்திருந்தால் உங்கள் வேலை முடிந்தது. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையினர் அமைத்ததாகையால், வலிகாமத்திலே பழைய இரும்பு விற்கும் இடங்களில் இக்கோழிக்காலைக் கண்டால் நான் வியக்கமாட்டேன்.

இவற்றினும் உறுதியானது நாட்டின் பெயர். 1887இலே பிரித்தானியா இயற்றிய வணிகக்குறிச் சட்டமும், 1890இலே அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டமும் பிறநாட்டுப் பொருள்கள் தம் பிறந்தகத்தைக் காட்ட வேண்டுமென விதித்தன. நாடுகளின் பெயர்களோ அரசியலோடு மாறுபவை. 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்' என்ற பொறிப்பு 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 'மேற்கு ஜேர்மனி' என்றால் 1949க்கு முன்னரும் இல்லை, 1990க்குப் பின்னரும் இல்லை. நம் நாடே 1972 மே 22 வரை இலங்கை என்று தமிழிலும் சிலோன் என்று ஆங்கிலத்திலும் வழங்கியது அன்றோ? இப்பொறிப்பு மூட்டின் அருகிலே பிடி தொடங்குமிடத்திற் பெரும்பாலும் இருக்கும். அழுக்கைத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் தெரியவரும்.

இனி நிறப் பிடிகள். 1926இலே அமெரிக்காவில் வால்டோ செமன் என்னும் இரசாயனவியலாளர், உலோகத்தோடு இறப்பரை ஒட்டுவிக்கும் பசையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைக்கவில்லை, இறப்பரைப் போலவே வளைந்துகொடுக்கும் பீ.வீ.சீ. கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களிலே, அந்தப் பொருள் குறடுகளின் கைப்பிடிக்கு வந்து சேர்ந்தது. செய்முறை நம் வீட்டுப் பலகாரத்தை ஒத்தது. பீ.வீ.சீ. துகளை இளக்கியோடு கலந்து மாவுபோல் ஆக்கி, சூடேற்றிய கைப்பிடியை அதிலே தோய்த்தெடுத்து, மீண்டும் சூட்டடுப்பில் வைத்தால் தோல்போல் இறுகிவிடும். தோய்த்த பிடியின் அடிமுனையிலே துளி வடிந்து நின்ற தடிப்பு இருக்கும், தடவிப் பாருங்கள். தனியே வார்த்துச் செருகிய பிடியில் அத்துளி இராது. இருநிறம் கொண்டு, மென்மையான பகுதியும் கடினமான பகுதியுமாக வரும் பிடிகள் அண்மைக் காலத்தவை.

நிறப்பிடி வந்தபின் உள்ளேயுள்ள இரும்பிலே கோலம் வெட்ட வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. தோய்ப்பதற்கென்றே செய்த பிடியின் இரும்பு பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். கோலமுள்ள இரும்பின்மேல் நிறப்பிடி இருக்குமாயின், இரும்பு முந்தியது, பிடி பிந்தியது என்று ஊகிக்கலாம். இதனை மறவாதீர்கள்: குறட்டின் உறுப்புக்களுள் காலத்தை நன்றாகக் காட்டுவதும் கைப்பிடிதான், மற்றவர்கள் மாற்றிவிடக்கூடியதும் கைப்பிடிதான். சிக்காகோவின் கிளைன் நிறுவனம் தன் தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை சொல்லும். 1857இலே தந்திக்கம்பி வேலையாள் ஒருவர் ஒரு பாதி உடைந்த குறட்டைக் கொல்லராகிய மத்தியாஸ் கிளைனிடம் கொண்டுவந்தாராம். அவர் புதிய பாதியொன்றை அடித்துப் பழைய பாதியோடு இணைத்துக் கொடுத்தார். சில நாளிற் பழைய பாதியும் உடைந்தது. அதற்கும் புதியதோர் பாதி அடித்தார். அந்த வேலையாள் கையிலிருந்தது பழைய குறடா, புதிய குறடா? வகுப்பிலே இதனைக் கேட்டு ஒரு பாடவேளை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

வயது ஒருபுறம் இருக்க, உயிர் சம்பந்தமான ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. நிறப்பிடி இருந்தால் மின்சாரம் தாக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தோய்த்த பிடி கைக்கு இதமாக இருப்பதற்கே செய்யப்பட்டது. அதிலே கண்ணுக்குத் தெரியாத துளை ஒன்று போதும். பழையதாக ஆக, இளக்கி வெளியேறிப் பிடி சிலவேளை பிசுபிசுக்கும், சிலவேளை விறைத்து வெடிக்கும். மின்வேலைக்கென்று சோதித்த பிடியிலே 1000 வோல்ற்று என்ற எண்ணும் இரட்டை முக்கோணக் குறியும் இருக்கும். அதற்கான சர்வதேச நியமம் 1987இல் வெளியாயிற்று. துவிச்சக்கர வண்டியின் டியூப்பை நம்புவது இன்னும் மோசம். அதன் கருமை கரித்தூளால் ஆனது. கரி மின்னைக் கடத்தும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். எங்கள் அயலவர் ஒருவர் இவ்வாறு டியூப் சுற்றிய குறட்டை நம்பி 230 வோல்ற்றுக் கம்பியைத் தொட்டார். ஏணியிலிருந்து விழுந்ததே அவருக்கு நன்மையாய் முடிந்தது, கம்பி கையைவிட்டது. தோள் எலும்பு பொருந்த மூன்று மாதம் சென்றது.

எங்கள் குறட்டின் டியூப்பை நான் அவிழ்த்ததற்கும் பாதிக் காரணம் இதுவே. மறுபாதி ஆவல். நூலை அறுத்து இறப்பரை உரித்தேன். உள்ளே கோலமிட்ட இரும்பை எதிர்பார்த்த எனக்கு, விறைத்து வெடித்த சிவப்புப் பீ.வீ.சீ.யின் எச்சங்கள் தென்பட்டன. அவையும் சுரண்டாமலே உதிர்ந்தன. அதன்கீழ் வழுவழுப்பான இரும்பு, ஒரு கோடில்லை. மூட்டருகே சற்று எண்ணெய் விட்டுத் துடைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தேன். தொழிற்சாலையின் பெயர் துருவிலே போய்விட்டது. எஞ்சிய எழுத்துக்கள் 'டபிள்யூ. ஜேர்மனி'.

மாணவருக்கு எழுதவிருந்த விடை என்னையே திரும்பிப் பார்த்தது. 1946இலே மலாயாவிலிருந்து வந்தவர் 1949இற் பிறந்த நாட்டின் பெயரைத் தாங்கிய குறட்டைக் கொண்டுவந்திருக்க முடியாது. அவர் ஊருக்கு வந்தபின் இங்கே வாங்கியிருக்கலாமோ என்று ஒரு கணம் எண்ணினேன். 1953க்கு முன்னரே இப்படியொரு சிவப்புப் பிடி இங்கு வந்திருத்தல் அரிது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அது பேரனாரின் குறடு அன்று.

அப்பொழுதுதான் 1996 நினைவுக்கு வந்தது. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, நாங்கள் எடுத்துச் சென்றது ஒரு துவிச்சக்கர வண்டி கொள்ளுமளவு. குறடு வீட்டிலே தங்கிவிட்டது. மறு ஆண்டு சித்திரையிலே திரும்பி வந்தபோது வீட்டிற் கதவுகளும் இல்லை. முற்றத்திலும் கிணற்றடியிலும் யார் யாருடையனவோ ஆகிய பொருள்கள் கிடந்தன. அயல்வீட்டு அம்மி எங்கள் வளவில், எங்கள் கட்டிற்கால் ஒழுங்கையில். அக்குவியலுக்குள்ளிருந்து தந்தையார் துருப்பிடித்த குறடொன்றைக் கையிலே தூக்கிக்கொண்டு வந்ததும், தாயார் அழுததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று பின்னேரமே அவர் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, பழையபடி டியூப் சுற்றிவிட்டார். சுற்றுமுன் அதன் பிடியைப் பார்த்திருப்பார். பார்த்து அறிந்தாரா, அறிந்தும் சொல்லாதிருந்தாரா? கேட்பதற்கு அவர் இன்றில்லை.

தாயாரிடம் சொல்வதா விடுவதா என்பதுதான் நான் முதலிற் குறிப்பிட்ட இரவு. எண்பதைக் கடந்தவரிடம் இதனைப் பறிப்பானேன் என்று ஒரு மனம். மாணவருக்கு உண்மையைப் பார் என்று எழுதிவிட்டு, வீட்டிலே டியூப்பைச் சுற்றி வைப்பதா என்று மற்றொரு மனம். விடிந்ததும் உரித்த குறட்டை அவர் மடியில் வைத்து, எழுத்தையும் காட்டி, கணக்கையும் சொன்னேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. பிடியைத்தான் இரு கைகளாலும் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதிலை குழியளைக் காணேல்லையே, தம்பி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஐயாவின்ரை குறட்டிலை சின்னச் சின்னக் குழியள் இருக்கும். இறுக்கிப் பிடி பாப்பம் எண்டு கையிலை தருவார். பிடிச்சுப்போட்டு விட்டால், அம்மாள் வருத்தம் வந்த மாதிரி உள்ளங்கையெல்லாம் பொட்டுப் பொட்டாப் பதிஞ்சிருக்கும். அதைப் பாத்து ஐயா சிரிப்பார். நான் இவ்வளவு காலமும் அந்தக் குழியள் றப்பருக்குள்ளை கிடக்கெண்டுதான் நினைச்சிருந்தன்."

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கையிலே தங்கியிருந்த சான்று அது. நியூபோட் ஊர்க் குறட்டின் படமொன்றை எடுத்துவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். படத்திலுள்ள குழிகளின்மேல் பெருவிரலை வைத்தார். "இது மாதிரித்தான்" என்றார். பேரனாரின் குறடு அவ்வகையினதாக இருந்திருக்கக் கூடும். போருக்கு முந்திய மலாயாவில் உழைத்தவர் கைக்கு அமெரிக்கக் குறடொன்று எட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. அவர் சாவணமா வைத்திருந்தார், சுத்தியலா வைத்திருந்தார் என்றுகூட அதுவரை அறியாதிருந்த எனக்கு, மகளின் கையைப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சிரித்த ஒருவர் அன்றுதான் முதன்முறையாகத் தென்பட்டார்.

படத்தை மடித்துத் தந்துவிட்டுத் தாயார் மடியிலிருந்த குறட்டைப் பார்த்தார்.

"அப்ப இது ஆற்றை?" என்று கேட்டார்.

பின்னேரம் புதிய டியூப் துண்டொன்று கொண்டுவந்தேன். சுற்ற வேண்டாம் என்று மறித்துவிட்டார். விறாந்தையில், வருவோர் போவோர் கண்ணிற் படும்படி, எழுத்து மேலே தெரிய வைக்கச் சொன்னார். சிவப்புப் பிடிக் குறடொன்றைத் 1995இலே தொலைத்தவர் யாரேனும் இந்தப் பக்கம் வரக்கூடுமாம்.